ஒரே பேர்ல எட்டு ஜோர்டான்

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சின்னக் கூட்டத்துல லீனியர் அல்ஜீப்ரா பத்திப் பேசினேன். சமன்பாடுகளைத் தீர்க்கற காஸ்-ஜோர்டான் முறைய விளக்கற ஸ்லைடுல இடது பக்கம் ஜெர்மன் கணித மேதை காஸ் படம், வலது பக்கம் கமீல் ஜோர்டான் படம், அதாவது பிரெஞ்சுக் கணித மேதை, 1838-ல பிறந்தவர், 1922-ல இறந்தவர்னு போட்டு வச்சிருந்தேன். பேசி முடிச்சதும் ஒருத்தர் பக்கத்துல வந்து ரொம்ப மெதுவா, யாருக்கும் கேக்காத மாதிரி, "அந்தப் படத்துல இருக்கறவர் வேற ஜோர்டான்ங்க, இந்த முறை ஒரு நில அளவைக்காரரோடது"ன்னு சொல்லிட்டுப் போனார். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. தப்பு பண்ணினது கூட பரவால்ல, ஒரு மனுஷனோட வேலைய எடுத்து இன்னொருத்தர் பேர்ல எழுதி, அதை நாப்பது பேருக்குச் சொல்லியும் குடுத்திருக்கேன்.

ஏன் அப்படி நம்பினேன்னு யோசிச்சா காரணம் ரொம்ப சாதாரணம். நான் படிச்ச நோட்ஸ்ல மூணாவது பாடத்துல காஸ்-ஜோர்டான், எட்டாவது பாடத்துல ஜோர்டான் நார்மல் ஃபார்ம், அதாவது ஒரு மேட்ரிக்ஸை முடிஞ்ச அளவு எளிமையாக்கி எழுதற வடிவம். ஒரே புத்தகம், ஒரே பாடம், ஒரே பேரு. ரெண்டும் ஒருத்தர்தான்னு யாரும் எழுதல, வேற வேற ஆளுன்னும் யாரும் எழுதல, நானே முடிச்சுப் போட்டுக்கிட்டேன். நார்மல் ஃபார்ம் கமீலோடதுதான், 1870-ல வந்த அவரோட பெரிய புத்தகத்துல இருக்கு. காஸ்-ஜோர்டான் மட்டும்தான் வேற வீடு.

அப்ப ஆரம்பிச்சதுதான் இந்தத் தேடல். முதல் வாரம் முழுக்க வீணாப் போச்சு, ஏன்னா நான் பேரை வச்சுத் தேடினேன். ஜோர்டான்னு போட்டா நதி வருது, நாடு வருது, கூடைப்பந்து வருது, கணிதம்னு சேத்துப் போட்டா எல்லா ஜோர்டானும் கலந்து வர்றாங்க. அப்புறம்தான் தலைகீழா வரணும்னு புரிஞ்சுது. ஆள விட்டுட்டு அந்த முறை முதல்முதலா அச்சுல வந்த இடத்தைப் பிடிக்கணும், அந்த இடத்துல தலைப்புப் பக்கத்துல யார் பேர், எந்த ஊர், என்ன பதவின்னு பாக்கணும், அதுக்கப்புறம்தான் அந்தப் பேருக்குப் பின்னாடி இருக்கற ஆளத் தேடணும்.

அப்படிப் போனா வந்து நிக்கற இடம் 1888-ல வந்த ஒரு ஜெர்மன் நில அளவைக் கையேட்டோட மூணாவது பதிப்பு. எழுதினவர் வில்ஹெல்ம் ஜோர்டான். நில அளவைல ஒரே தூரத்தையும் கோணத்தையும் பல தடவ அளப்பாங்க, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம் பிசிறு வரும், அந்தப் பிசிறுகளைச் சமாளிச்சு ஒரே பதிலுக்கு வர்றதுக்கு மீச்சிறு வர்க்க முறைன்னு ஒண்ணு, அதைச் செஞ்சா ஒரு கட்டு சமன்பாடு வந்து உக்காரும். காஸ் சொன்ன வழில மேலேருந்து கீழ ஒவ்வொரு மாறியா நீக்கிட்டு, அப்புறம் கீழேருந்து மேல போய் மதிப்புகளைப் போட்டுக்கிட்டே வரணும். ஜோர்டான் வழில நீக்கறப்பவே மேலயும் நீக்கிடணும், கடைசில மூலைவிட்டம் மட்டும் மிஞ்சும், விடை நேரா நிக்கும். கையால கணக்குப் போட்டு, பேப்பர்ல கட்டம் கட்டி, நாள் முழுக்க உக்காந்து வேலை பாத்த ஆளுக்குத்தான் இது தோணும்னு எனக்கு இப்பத் தோணுது. கமீல் மாதிரி ஒருத்தருக்கு இந்தக் கணக்குப் போட வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

அதே 1888-ல, அதே முறைய, இவருக்குத் தெரியாமயே இன்னொருத்தரும் அச்சுல போட்டிருக்கார். கிளாசென்னு லக்சம்பர்க்கைச் சேர்ந்த ஒரு பாதிரியார், பிரசெல்ஸ் அறிவியல் சங்கத்தோட வருடாந்திர இதழ்ல வந்த கட்டுரை. 1987-ல அமெரிக்கக் கணித மாத இதழ்ல இந்த முறையோட வரலாற்றைப் பத்தியே ஒரு கட்டுரை வந்துச்சு, அதுல வில்ஹெல்ம்தான் சரியான ஜோர்டான்னும் கிளாசெனுக்கும் பங்கு உண்டுன்னும் தெளிவா இருக்கு. அதாவது நான் அந்த ஸ்லைடு போடறதுக்குப் பல வருஷம் முன்னாடியே இது தீர்ந்த விஷயம். நான் போய்ப் பாக்கல, அவ்வளவுதான்.

சரி, வில்ஹெல்ம் ஜோர்டான் கிடைச்சாச்சு, இனிமே ஈஸின்னு நூலகக் கேட்டலாக்ல போய் அந்தப் பேரைப் போட்டேன். நிபெலுங்கர்ங்கற பழைய ஜெர்மன் வீரக் கதைய வச்சு எழுதின ஒரு காவியம் வருது, கவிதை வருது, பிராங்ஃபர்ட் நாடாளுமன்றத்துல உறுப்பினரா இருந்தவர்னு வருது. ஒரு நிமிஷம் "அடேயப்பா, நில அளவையும் பாத்து காவியமும் பாடிருக்காரே"ன்னு மலைச்சுப் போனேன். அவர் இன்னொரு வில்ஹெல்ம் ஜோர்டான், 1819-ல பிறந்து 1904-ல இறந்த கவிஞர். நம்ம ஆளு 1842-ல எல்வாங்கன்ல பிறந்து 1899-ல ஹானோவர்ல இறந்தவர். முழுப் பேரும் ஒண்ணு, நாடும் மொழியும் ஒண்ணு, அம்பது வருஷத்துக்கும் மேல ரெண்டு பேரும் ஒரே சமயத்துல உயிரோட இருந்திருக்காங்க. அதனாலதான் கேட்டலாக்ல பேருக்குப் பக்கத்துல கமா போட்டு பிறந்த வருஷம், இறந்த வருஷம் போடறாங்க. அந்த எட்டு இலக்கத்தை நான் இதுக்கு முன்னாடி ஒரு அலங்காரமாத்தான் பாத்திருந்தேன், இப்பல்லாம் பேரைப் படிக்கறதுக்கு முன்னாடி வருஷத்தைத்தான் படிக்கறேன்.

உடனே எதிர்ப்பக்கம் போய் இன்னொரு தப்பும் பண்ணினேன். அதே கேட்டலாக்ல லிபியப் பாலைவனத்தோட இயற்கைப் புவியியலும் வானிலையும் பத்தி வ. ஜோர்டான் எழுதின 1876 புத்தகம் ஒண்ணு இருந்துச்சு. இது கண்டிப்பா மூணாவது வில்ஹெல்ம்னு முடிவு பண்ணி நோட்ல தனிப் பக்கம் போட்டுட்டேன். தப்பு. 1873 கடைசிலேருந்து 1874 வரைக்கும் கெர்ஹார்ட் ரோல்ஃப்ஸ் தலைமைல லிபியப் பாலைவனத்துக்குப் போன பயணக் குழுல அளவையாளரா போனவர் இதே காஸ்-ஜோர்டான் ஜோர்டான்தான். நிலவியல், தாவரவியல், புகைப்படம்னு ஆளுக்கொரு வேலை, இவருக்கு எங்க இருக்கோம்னு அளந்து சொல்ற வேலை. மணல்ல ஒட்டகத்தோட போய் நட்சத்திரத்தைப் பாத்து அட்சரேகை குறிச்ச மனுஷன்தான், திரும்பி வந்து மேசைல உக்காந்து சமன்பாட்டுக் கட்டத்தை நேராக்கினார். ரெண்டு பேரை ஒருத்தராச் சேக்கறது ஒரு தப்புன்னா, ஒருத்தரை ரெண்டாப் பிரிக்கறது அதே அளவு தப்பு, ஆனா இது கண்ணுக்குத் தெரியாது, ஏன்னா பிரிச்சு வச்சா எச்சரிக்கையா இருக்கற மாதிரியே ஒரு நினைப்பு நமக்கு வந்துடும்.

கமீல் பக்கம் வர்றேன். இவர்தான் புகழ் பெற்றவராச்சே, குழப்பமே இருக்காதுன்னு நினைச்சேன். முதல்லயே இன்னொரு கமீல் ஜோர்டான், 1771-லேருந்து 1821 வரைக்கும் வாழ்ந்த அரசியல்வாதி, லியோன் ஊர்க்காரர். கணித கமீலும் லியோன். இங்க மட்டும் நிஜமாவே சொந்தம் இருக்கு, அரசியல்வாதி இவருக்குத் தாத்தா முறை, அவர் பேரைத்தான் இவருக்கும் வச்சிருக்காங்க. அதே லியோன்ல அலெக்சி ஜோர்டான்னு ஒரு தாவரவியலாளர், இவரும் கமீலுக்கு கசின் முறை, ஒரு இனத்துக்குள்ளயே நுணுக்கமா வேறுபடற சின்னச் சின்ன வகைகளை தனித்தனி இனமாப் பிரிச்சுக்கிட்டே போனவர், அந்த மாதிரி நுண் வகைகளுக்கு பின்னாடி ஜோர்டானான்னே பேர் வந்துச்சு. பிரிச்சுப் பாக்கறதையே வாழ்க்கையா வச்சிருந்தவரோட சர்நேம்ல இவ்வளவு கலப்படம்னு நினைச்சப்ப மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

கமீலோட கட்டுரைகளைத் தேடறப்ப ஒரு எழுத்து என்னை நாலு நாள் அலைய விட்டுச்சு. பிரெஞ்சு அறிவியல் அகாதமியோட வார அறிக்கைல, 1835-லேருந்து வர்றது அது, ஸ்கேன் எல்லாம் பிரான்ஸ் தேசிய நூலகத்தோட இணையத் தொகுப்புல இருக்கு, அதுல ஆசிரியர் பேரை "எம். ஜோர்டான்"னு போட்டிருப்பாங்க. எம்-னு இனிஷியல் இருக்கே, இது வேற ஆளுன்னு ஒதுக்கி வச்சேன். அந்த எம் முசியே, அதாவது திரு. எல்லா ஆண்களுக்கும் முன்னாடி அதைத்தான் போடுவாங்க. சரி தெளிவாச்சுன்னு பாத்தா, பிறப்புப் பதிவுல இவரோட முழுப் பேரு மரி எனெமோன் கமீல் ஜோர்டான், அதாவது நிஜமாவே இவருக்கு முதல் எழுத்து எம்தான். ஒரே எம், ஒரு இடத்துல மரியாதை, இன்னொரு இடத்துல பேரு. மெஷின் படிச்சு எழுத்தாக்கற டேட்டாபேஸ் இதை எப்படிப் பிரிக்கும் சொல்லுங்க, மனுஷங்களுக்கே கண்ணு கட்டுது.

பதிவேடுகளைத் தேடறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். பிரான்ஸ்ல 1792-லேருந்து பிறப்பு, கல்யாணம், இறப்பை அரசாங்கமே பதியுது, அதனால 1838-ல பிறந்த கமீலுக்கு நகராட்சிப் பதிவு. ஜெர்மனி முழுக்க அந்த மாதிரி வந்தது 1876-லதான், அதனால 1842-ல எல்வாங்கன் இருக்கற வூர்ட்டம்பெர்க்ல பிறந்த வில்ஹெல்முக்கு சர்ச் ஞானஸ்நானப் பதிவேடும், பாதிரியாரே எழுதி வச்ச குடும்பப் பதிவேடும்தான். அந்தக் குடும்பப் பதிவேடு ஒரு வரம், ஒரே பக்கத்துல அப்பா அம்மா பிள்ளைங்க எல்லாரும் இருப்பாங்க. எந்த வருஷம் எந்த ஊர்ல யார் கைல பேனா இருந்துச்சுன்னு தெரியாம தேடினா "பதிவே இல்ல"ன்னு தப்பா முடிவு பண்ணிடுவோம்.

கமீலோட ஆறு பையன்கள்ல மூணு பேர் முதல் உலகப் போர்ல இறந்துட்டாங்க. போர்ல இறந்த பிரெஞ்சு வீரர்களோட அட்டைகளை அந்த நாட்டு ராணுவ அமைச்சகம் இணையத்துல வச்சிருக்கு, லட்சக்கணக்குல. ஜோர்டான்னு மட்டும் போட்டுத் தேடிப் பாத்தேன், பட்டியல் நீண்டுக்கிட்டே போச்சு, ஒவ்வொரு அட்டையும் யாரோ ஒரு வீட்டோடது. அன்னைக்கு அதுக்கு மேல தேட முடியல, மூடி வச்சுட்டேன்.

அடுத்து "சி. ஜோர்டான்". இந்தப் பேர்ல 1920-கள்ல நிகழ்தகவு பத்திக் கட்டுரைகள் வருது, 1939-ல வித்தியாச நுண்கணிதம் பத்தி ஆங்கிலத்துல ஒரு தடிப் புத்தகம் வருது. கமீல் 1922-லயே போயிட்டார். ஆக இது புடாபெஸ்ட்ல 1871-ல பிறந்த ஹங்கேரியர், ஊர்ல ஜோர்டான் காரோய், அங்க சர்நேம்தான் முதல்ல வரும், வெளிநாட்டு மொழில எழுதறப்ப காரோய் சார்ல்ஸ் ஆயிடுவார், சார்ல்ஸ் சி ஆயிடும், அந்த சி போய் கமீலோட மடில உக்காந்துக்கும். இவர் பெரிய மலையேறியும் கூட, டாட்ரா மலைல ஒரு பாதைக்கே இவர் பேர்தான், ஆக மலையேற்ற இதழ்கள்ல வர்ற ஜோர்டானும் இவர்தான். வருஷத்தை வச்சே எல்லாத்தையும் பிரிச்சுடலாம்னு அப்ப ஒரு தைரியம் வந்துச்சு, அதுவும் நிக்கல, ஏன்னா கமீலோட கட்டுரைகளைத் தொகுத்து 1961-லேருந்து 1964-க்குள்ள நாலு தொகுதியா போட்டிருக்காங்க. செத்து நாப்பது வருஷம் கழிச்சும் சி. ஜோர்டான் எழுதிக்கிட்டு இருக்கார்னு டேட்டாபேஸ் காட்டும். அச்சான வருஷம் வேற, எழுதின வருஷம் வேற.

எல்லாத்துலயும் என்னை ரொம்ப ஏமாத்தினது ஹானோவர்தான். குவாண்டம் இயற்பியல்ல ஒரு ஜோர்டான் இருக்கார், பாஸ்குவல் ஜோர்டான், 1925-ல மாக்ஸ் போர்னோடயும் ஹைசன்பெர்க்கோடயும் சேந்து அணி (மேட்ரிக்ஸ்) இயக்கவியலை, அதாவது குவாண்டம் இயற்பியலோட ஒரு கணித வடிவத்தை, நிறுவினவர். ஜோர்டான் அல்ஜீப்ராங்கற கணித அமைப்பு இவர் பேர்ல வந்தது, 1934-ல ஃபான் நாய்மனோடயும் விக்னரோடயும் எழுதின கட்டுரைலேருந்து. இவர் பிறந்தது 1902, ஹானோவர். வில்ஹெல்ம் இறந்தது 1899, ஹானோவர். வில்ஹெல்ம் அந்த ஊர்த் தொழில்நுட்பக் கல்லூரில பேராசிரியர். பாஸ்குவலோட அப்பா எர்ன்ஸ்ட் ஜோர்டான் ஓவியர், அவரும் அதே தொழில்நுட்பக் கல்லூரில கலை சொல்லிக் குடுத்தவர். ஊரு ஒண்ணு, கல்லூரி ஒண்ணு, பேரு ஒண்ணு, மூணு வருஷ இடைவெளி. ராத்திரி ஒரு மணிக்கு இதைக் கண்டுபிடிச்சப்ப எனக்குக் கை நடுங்கிச்சு. தாத்தா பேரன்தான்னு நோட்ல பெருசா எழுதி ரெண்டு கோடு வேற போட்டேன்.

மறுநாள் பாஸ்குவலோட வாழ்க்கைக் குறிப்பப் படிச்சேன். அவரோட முன்னோர் பாஸ்குவல் ஜோர்டான்னு இல்ல, பாஸ்குவல் ஹோர்டா, ஸ்பெயின்காரர், குதிரைப்படை அதிகாரி, நெப்போலியன் போர்க் காலத்துல பிரிட்டிஷ்காரங்களோட இருந்து கடைசில ஹானோவர்ல தங்கிட்டவர், அப்ப ஹானோவர் பிரிட்டிஷ் ராஜ வம்சத்தோட கைல இருந்த ஊர். ஹோர்டா ஜெர்மன்காரங்க வாய்ல மெல்ல மெல்ல யோர்டான் ஆயிடுச்சு. மூத்த பையனுக்கு பாஸ்குவல்னு பேர் வைக்கற வழக்கம் மட்டும் அப்படியே நின்னுடுச்சு. வில்ஹெல்ம் வந்தது தெற்கே எல்வாங்கன்லேருந்து, 1880-களோட தொடக்கத்துலதான் ஹானோவருக்கே வந்தார். வேலைக்கு வந்தவரும், போர் கொண்டு வந்து விட்ட குடும்பமும், ஒரே ஊர்ல ஒரே பேர்ல வந்து நின்னிருக்காங்க. நான் எழுதினதை அடிச்சேன். ஆனா அடிச்ச பக்கத்தைக் கிழிக்கல, இன்னும் இருக்கு, சாட்சி எவ்வளவு பொருத்தமா இருந்தும் தப்பா இருக்கலாம்னு எனக்கு நானே காட்டிக்க.

பாஸ்குவல் நாஜிக் கட்சில சேந்தவர், அதை ஒளிக்க முடியாது, ஒளிக்கவும் கூடாது. அதோட சேத்து இதையும் சொல்லணும்: எலக்ட்ரான் மாதிரித் துகள்கள் கூட்டமா எப்படி நடந்துக்கும்னு சொல்ற, இன்னைக்கு ஃபெர்மி-டிராக் புள்ளியியல்னு எல்லாரும் படிக்கறதை இவர் 1925-லயே எழுதி, ஆய்விதழ்ல போடறதுக்காக போர்ன் கிட்ட குடுத்திருக்கார். போர்ன் அதைப் பெட்டில போட்டுக்கிட்டு அமெரிக்கா போயிட்டு, திரும்பி வந்து மாசக் கணக்கு கழிச்சுதான் பாத்திருக்கார், அதுக்குள்ள ஃபெர்மி எழுதிட்டார். வில்ஹெல்மோட முறைய இன்னொரு ஜோர்டானுக்குக் குடுத்தோம், பாஸ்குவலோட கண்டுபிடிப்புல அவர் பேரே இல்ல.

ஏன் இந்தப் பேர் இத்தனை இடத்துல இருக்குன்னா, இது முதல்ல ஞானஸ்நானப் பேர். சிலுவைப் போருக்குப் போனவங்க யோர்தான் ஆத்துத் தண்ணிய குப்பில கொண்டு வந்து பிள்ளைங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்க, அந்தப் பிள்ளைங்களுக்கு அந்தப் பேரையே வச்சாங்க, அடுத்த தலைமுறைக்கு அது குடும்பப் பேராச்சு. பிரான்ஸ்ல தனியா, ஜெர்மனில தனியா, இங்கிலாந்துல தனியா. ஒரே ஆறு, நூறு ஊற்று. எல்லா சர்நேமும் இப்படி இல்ல. 2000-ல பிரயன் சைக்ஸ்ங்கற மரபணு ஆய்வாளர் தன்னோட சர்நேம் இருக்கற 48 ஆண்களோட, அப்பாகிட்டேருந்து பையனுக்கு மட்டும் போற ஒய் குரோமோசோமை ஒப்பிட்டுப் பாத்தார், கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஒரே வகை, ஒரே மூதாதைலேருந்து வந்திருக்கலாம்னு முடிவு. அந்த மாதிரிப் பேர்ல தேடறவங்களுக்குச் சொந்தம்ங்கற நினைப்பு ஒரு துப்பா உதவலாம். ஜோர்டான் மாதிரிப் பேர்ல அந்த நினைப்புதான் முதல் எதிரி.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் உறுத்துது. பிரெஞ்சுக்காரரோட பேர் உச்சரிப்புல கிட்டத்தட்ட ஜோர்தான், ஜெர்மன்காரங்களும் ஹங்கேரியரும் யோர்டான். ரோமன் எழுத்துல எல்லாம் ஒரே மாதிரி இருக்கறதாலதான் இத்தனை குழப்பம். தமிழ்ல நாம சத்தத்தை வச்சு எழுதறவங்க, கமீல் ஜோர்தான், வில்ஹெல்ம் யோர்டான்னு எழுதியிருந்தா நான் அந்த ஸ்லைடுல தப்பே பண்ணிருக்க மாட்டேன். ஆனா நாம ஆங்கிலப் புத்தகத்து வழியாத்தான் இவங்களைத் தெரிஞ்சுக்கிட்டோம், அதனால எல்லாரையும் ஜோர்டான் ஆக்கிட்டோம், நானும் இந்தப் பதிவு முழுக்க அதையேதான் எழுதறேன், பழகின பேர்லதான் தேட முடியும்ங்கறதால. எழுத்துல வித்தியாசம் இருந்தாலும் தப்பிக்க முடியறதில்லங்கறதுக்கு லோரன்ஸ் கதை இருக்கு. மின்காந்தவியல்ல ஒரு நிபந்தனை, 1867-ல டென்மார்க்கோட லுட்விக் லோரன்ஸ் எழுதினது. பல பாடப் புத்தகத்துல ஒரு எழுத்து கூடுதலாப் போட்டு அதை நெதர்லாந்தோட ஹென்ட்ரிக் லோரன்ட்சுக்குக் குடுத்துட்டாங்க. இவர்தான் ரொம்பப் பெரிய பேர். பெரிய பேர் பக்கத்துல நிக்கற சின்னப் பேருக்கு எப்பவும் இதுதான் நடக்குது.

இப்ப இருக்கற ஆய்வாளர்களுக்கு ஆர்கிட்னு ஒரு 16 இலக்க எண் இருக்கு, 2012-லேருந்து, ஒருத்தர் தானே பதிஞ்சுக்கணும். நல்ல ஏற்பாடு, எழுதறவங்க எல்லாரும் எடுத்துக்கணும்னு நான் பாக்கறவங்க கிட்டல்லாம் சொல்றேன். செத்துப் போனவங்க தானே பதிஞ்சுக்க முடியாதே. அவங்களுக்கு நூலகங்கள் வச்சிருக்கற அதிகாரப் பதிவுதான், தேசிய நூலகம் ஒவ்வொண்ணும் ஒரு ஆளுக்கு ஒரு எண்னு போட்டு, அவர் பேரோட எல்லா வடிவத்தையும் அதுக்குக் கீழ கட்டி வச்சிருக்கும், ஜெர்மன் நூலகத்தோட எண்ணையும் பிரெஞ்சு நூலகத்தோட எண்ணையும் பொருத்தற சர்வதேசக் கோப்பும் உண்டு. கணிதத்துக்கு 1868-லேருந்து வந்த பழைய ஜெர்மன் ஆண்டுக் குறிப்பேடு முழுக்க இப்ப இலவச டேட்டாபேஸ்ல சேந்துடுச்சு. அதுல ஒரு கட்டுரை தப்பான ஜோர்டானுக்குக் கீழ இருக்கற மாதிரி தோணிச்சுன்னா திருத்தச் சொல்லி எழுதலாம், எழுதறப்ப கட்டுரையோட முதல் பக்கத்தைப் பாத்துட்டு எழுதுங்க. ஒரு கட்டுரைய ஒருத்தருக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நான் இப்ப பாக்கறது மூணு: அச்சுல இருக்கற ஊரும் பதவியும், கட்டுரைக்குள்ள அவர் தன்னோடதுன்னு சொல்ற முந்தின வேலை, அப்புறம் யாருக்கு நன்றி சொல்றார்ங்கறது. மூணாவதுதான் பல சமயம் ஆளைக் காட்டிக் குடுக்கும், ஏன்னா பேர் ஒத்துப் போகலாம், ஆசிரியரும் நண்பரும் ஒத்துப் போகறது அபூர்வம்.

போன மாசம் அதே தலைப்புல மறுபடி பேசினேன். காஸ் படம் அதே இடத்துல. வலது பக்கம் வில்ஹெல்ம், 1842–1899, நில அளவையாளர், லிபியப் பாலைவனம்னு ஒரு வரி. அவருக்குக் கீழ, படம் இல்லாம, கிளாசென், 1888னு மட்டும். கமீலை எட்டாவது பாடத்துக்கு மாத்திட்டேன்.